பேரம் நடக்காத இடம்: அமெரிக்க லக்சுரி எஸ்.யூ.வி. லீசின் விலை எங்கே தீர்மானமாகிறது?

1. கேள்வி

சோப்பிலிருந்து சோபாவரை ஒட்டிய விலைக்கே வாங்கிப் பழகிய அமெரிக்கர்கள் இரண்டு பொருள்களுக்கு மட்டும் இன்றும் உட்கார்ந்து விலை பேசுகிறார்கள்: ஒன்று வீடு, மற்றது கார். கார் விஷயத்தில் இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. டீலர்களை வைத்து விற்கும் உற்பத்தியாளர் அவர்களைத் தாண்டி நேரடியாக விற்பதைப் பெரும்பாலான மாநிலங்களின் உரிமச் சட்டங்கள் அனுமதிப்பதில்லை. டீலர் தனி வியாபாரி. லாபத்தைத் தானே தீர்மானிப்பவர். ஆகவே ஒரே நகரில், ஒரே நிறத்தில் நிற்கும் ஒரே காருக்கு இரண்டு விலை இருப்பது அங்கே இயல்பு. பேரம் பேசக் கற்றுத்தரும் கையேடுகளுக்கு இதனால் என்றும் கிராக்கிதான். மாதக் கடைசியில் போக வேண்டும். எழுந்து வெளியேறத் துணிய வேண்டும். நம் எண்ணை முதலில் சொல்லிவிடக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத கையேடு அரிது.

இவை கார் வாங்குகிறவருக்காக உருவான அறிவுரைகள். லீஸ் எடுப்பவருக்கும் இவையே போதும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இக்கட்டுரை சோதிக்க முயல்வது அந்த எடுகோளைத்தான். சோதனைக்கு லக்சுரி எஸ்.யூ.வி.யைத் தேர்ந்தெடுக்கக் காரணம், லீஸ் வேரூன்றிய நிலம் அது என்பதே. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவின் புதிய வாகனங்களில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று லீசில் போயின. உயர்விலை பிராண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். காலமும் கூடிவந்தது. 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், நுகர்வுக் கடன் வட்டிக்குக் கிடைத்துவந்த வரிக்கழிவைப் படிப்படியாக நீக்கியது. கார் கடனுக்கு இருந்த ஒரு கவர்ச்சி அத்துடன் போயிற்று. அடுத்த பத்தாண்டின் இறுதியில் மெர்சிடஸ் எம்-கிளாஸ், லெக்சஸ் ஆர்.எக்ஸ்., பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 என்று வசதியான எஸ்.யூ.வி.கள் வரிசையாக வந்தபோது அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியாக லீஸ் ஏற்கெனவே தயாராக இருந்தது.

நம்மூரில் வீட்டை லீசுக்கு எடுப்பதுபோல மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அல்ல இது. பெரும்பாலும் 36 மாதம் தவணை கட்டி ஓட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது, அல்லது ஒப்பந்தத்தில் முன்பே எழுதிய விலைக்கு வாங்கிக்கொள்வது. எச்-1பி விசாவும் முதலில் மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கிறது. எடிசனிலோ ஃபிரிஸ்கோவிலோ குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கு, வண்டிக்கும் அதே தவணைக்காலம் வசதியாகப் படுவதில் வியப்பில்லை.

கேள்வி இதுதான்: ‘நல்ல லீஸ்’ என்று சொல்லப்படுவதில் வாடிக்கையாளரின் பேச்சால் கிடைப்பது எவ்வளவு, அவர் கடைக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிடுவது எவ்வளவு? பெரும்பகுதி முன்பே முடிவாகிவிடுகிறது, மிஞ்சியதிலும் பேச்சுச் சாமர்த்தியத்தைவிடச் சில எண்களை அறிந்திருப்பதே வேலை செய்கிறது என்பது என் வாதம்.

2. தவணையின் உடற்கூறு

லீஸ் தவணைக்குள் இரண்டு தொகைகள் இருக்கின்றன. முதலாவது தேய்மானம்: கணக்கில் ஏறும் விலையிலிருந்து, மூன்றாண்டு முடிவில் வண்டிக்கு எஞ்சும் மதிப்பைக் கழித்து, மாதங்களால் வகுப்பது. அந்த எஞ்சும் மதிப்பை டீலர் கடையில் ‘ரெசிடுவல்’ என்பார்கள். இரண்டாவது வாடகைக் கட்டணம். பெயர் வாடகை என்றாலும் குணம் வட்டிதான். விலையையும் எஞ்சும் மதிப்பையும் கூட்டி, ‘மணி ஃபேக்டர்’ எனும் சிறு பின்னத்தால் பெருக்கினால் அது கிடைக்கும்.

கழிக்க வேண்டிய இடத்தில் ஏன் கூட்டுகிறார்கள் என்று முதன்முதலில் பார்ப்பவர் திகைப்பார். நிறுவனத்தின் பணம் தொடக்கத்தில் முழு விலையளவும், முடிவில் எஞ்சும் மதிப்பளவும் வண்டியில் முடங்கிக் கிடக்கிறது. இரண்டின் சராசரிக்குத்தான் வட்டி. சராசரிக்கு வேண்டிய இரண்டால் வகுத்தல், ஆண்டை மாதமாக்கும் பன்னிரண்டு, விழுக்காட்டுக்கான நூறு ஆகிய மூன்றும் அந்தப் பின்னத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. எனவே மணி ஃபேக்டரை 2,400ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி தெரியும். 0.0021 என்பது 5.04 விழுக்காடு. இவ்வளவு எளிய வட்டியை இப்படி ஒரு பின்னமாக எழுதுவதற்குக் கணக்குத் தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பார்க்கிறவருக்கு அது வட்டியாகத் தோன்றாது என்ற வசதி மட்டும் தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, கணக்கு உண்மையானது. விலைச்சீட்டில் 70,000 டாலர். டீலர் 65,000க்குத் தர ஒப்புகிறார். நிதி நிறுவனம் பிடிக்கும் தொடக்கக் கட்டணம் 1,000 டாலரையும் சேர்த்தால் கணக்கில் ஏறும் விலை 66,000. எஞ்சும் மதிப்பு 58 விழுக்காடு. இதைப் பேசி முடித்த விலையில் கணக்கிடுவதில்லை, விலைச்சீட்டு விலையில்தான் கணக்கிடுவார்கள். ஆகவே 40,600 டாலர். தேய்மானம் 25,400, மாதத்துக்கு 705.56. வாடகைக் கட்டணம் 1,06,600 பெருக்கல் 0.0021, அதாவது 223.86. வரி நீங்கலாகத் தவணை 929.42 டாலர்.

இனி ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கலாம். பேரத்தில் இன்னும் 1,000 டாலர் குறைத்தால் தவணை ஏறத்தாழ 30 டாலர் இறங்கும். எஞ்சும் மதிப்பு 58க்குப் பதில் 61 விழுக்காடாக இருந்திருந்தால் 54 டாலர் இறங்கும். நிதி நிறுவனம் அறிவிப்பில் செய்த இந்த மூன்று புள்ளி மாற்றம், விலையில் 1,800 டாலர் தள்ளுபடி வாங்கியதற்குச் சமம். அதற்காக வாடிக்கையாளர் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. மறுபக்கம், மணி ஃபேக்டரை டீலர் 0.0004 ஏற்றி வைத்தால் மாதம் 42.64 டாலர் கூடும். 36 மாதத்தில் 1,535 டாலர். அரை நாள் வாதாடி விலையில் குறைத்த 1,400 டாலரை, யாரும் வாயே திறக்காமல் இந்த ஒரு பின்னம் விழுங்கிவிடும்.

கையேடுகளில் சொல்லப்படும் ‘ஒரு விழுக்காடு விதி’ இங்கே நினைவுக்கு வரும்: மாதத் தவணை விலைச்சீட்டு விலையில் நூற்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்ல லீஸ் என்பது அது. நம் எடுத்துக்காட்டில் 1.33 விழுக்காடு வருகிறது. அப்படியானால் இது மோசமான லீசா? அமெரிக்க மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 விழுக்காடு வரை போனது. வட்டி மாறினாலும் தன் அளவுகோலை மாற்றிக்கொள்ளாத ஒரு விதி, இரண்டு வண்டிகளை ஒரே மாதத்தில் ஒப்பிட உதவலாம். நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல உதவாது.

3. நாற்கட்டத் தாளும் ஆய்வுகளும்

அமெரிக்க டீலர் கடைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு தாள் உண்டு. விற்பனையாளர் ஒரு வெற்றுத் தாளில் சிலுவைபோலக் கோடு கிழிப்பார். நான்கு கட்டங்கள்: பழைய வண்டிக்குத் தரும் மதிப்பு, புதிய வண்டியின் விலை, முன்பணம், மாதத் தவணை. வாடிக்கையாளரின் கண் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து அதில் விட்டுக்கொடுப்பதும், விட்டதை இன்னொரு கட்டத்தில் எடுத்துக்கொள்வதும் அதன் உத்தி.

நம் எடுத்துக்காட்டையே இதில் பொருத்தலாம். 929 டாலர் அதிகம் என்கிறார் வாடிக்கையாளர். விற்பனையாளர் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்து, ‘899க்கு முடித்துவிடலாம், கையெழுத்தின்போது 3,000 மட்டும் கட்டுங்கள்’ என்கிறார். 30 டாலர் இறங்கியதில் வாடிக்கையாளருக்கு நிம்மதி. ஆனால் 3,000 டாலர் முன்பணம் தவணையை ஏறத்தாழ 90 டாலர் இறக்கியிருக்க வேண்டும். 840 என்று வந்திருக்க வேண்டும். மாதம் 59 டாலர், மொத்தம் 2,130 டாலர் டீலர் பக்கம் போய்விட்டது. ஏறத்தாழ 2,000 டாலர் விலையேற்றம், விலைக்குறைப்பின் வேடத்தில்.

இத்தகைய மேசையில் யார் எவ்வளவு பெறுகிறார் என்பதைப் பொருளியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். 1995இல் இயன் அயர்ஸும் பீட்டர் சீகல்மனும் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அதிகம் பேசப்படுவது. சிகாகோ வட்டாரத்து டீலர்களிடம் பயிற்சி பெற்ற ஆட்களை இணை இணையாக அனுப்பினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட இணைச் சோதனைகள். எல்லோருக்கும் ஒரே வசனம், ஒரே பேர உத்தி. இருந்தும் வெள்ளை ஆண்களுக்குக் கிடைத்த விலையைவிடக் கறுப்பினத்தாருக்கும் பெண்களுக்கும் கூடுதல் விலையே சொல்லப்பட்டது. கறுப்பின ஆண்களின் நிலை மிக மோசம். பேச்சு ஒன்றாக இருந்தும் விலை வேறானது என்றால், பேச்சை மட்டும் நம்பச் சொல்லும் கையேடு யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு மறுப்பும் வந்தது. 1996இல் பினலோப்பி கோல்ட்பர்க், நுகர்வோர் செலவுக் கணக்கெடுப்பில் பதிவான உண்மையான கொள்முதல்களை ஆராய்ந்தார். இன, பாலின அடிப்படையில் சராசரி விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; ஆனால் சிறுபான்மையினர் தந்த விலைகளில் சிதறல் அதிகம் என்றார். இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. முன்னது டீலர் சொன்ன விலையை அளந்தது, பின்னது முடிந்த வியாபாரத்தை. கூடுதல் விலை சொல்லப்பட்டவர் இன்னும் நாலு கடை ஏறி இறங்கிச் சராசரியை எட்டியிருக்கலாம். அந்த அலைச்சலும் ஒரு விலைதான்; கணக்கெடுப்பில் அது ஏறாது.

ஃபியோனா ஸ்காட் மார்டன், ஃபுளோரியன் செட்டல்மேயர், ஜார்ஜ் சில்வா-ரிஸ்ஸோ மூவரும் இணைய வழி விலைக்கோரல் பரவிய காலத்துத் தரவுகளைக் கொண்டு 2003இல் எழுதிய கட்டுரை இந்த இடைவெளியை இன்னும் தெளிவாக்குகிறது. நேரில் வாங்கிய கறுப்பின, ஹிஸ்பானிக் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதல் கொடுத்தார்கள்; இணைய வழி வந்தவர்களிடம் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவர்கள் திடீரென்று பேரம் கற்றுக்கொண்டுவிடவில்லை. விலை பற்றிய தகவலும், பல டீலர்களை ஒரே நேரத்தில் கேட்கும் வசதியும் கைக்கு வந்தன.

என் வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று மெகன் பஸ்ஸி, சில்வா-ரிஸ்ஸோ, செட்டல்மேயர் ஆகியோர் 2006இல் வெளியிட்டது. உற்பத்தியாளர் தரும் தள்ளுபடி இரண்டு வகை. ஒன்று விளம்பரத்தில் வருவது, வாடிக்கையாளர் பெயரில் தருவது. மற்றது டீலருக்குச் சத்தமில்லாமல் தருவது. பொருளியல் பாடநூல்படி பணத்தை யார் கையில் கொடுத்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும். தரவு வேறு சொன்னது: முதல் வகையில் 70 முதல் 90 விழுக்காடு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது, இரண்டாம் வகையில் 30 முதல் 40 விழுக்காடுதான். பணம் அதேதான்; அது இருப்பது எதிரே இருப்பவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டுமே வேறு.

இந்த ஆய்வுகள் முதன்மையாகப் பார்த்தது காரின் விலையை என்பதை மறக்கக் கூடாது. லீசில் அந்த விலைக்கு மேல் எஞ்சும் மதிப்பும் மணி ஃபேக்டரும் ஏறி உட்கார்கின்றன. ஒரே ஒரு எண்ணில் தகவல் இடைவெளி இவ்வளவு செய்யுமானால், மூன்று எண்களில் அது குறைய வழியில்லை.

4. எஞ்சும் மதிப்பு எனும் பந்தயம்

மூன்றாண்டுக்குப் பிறகு ஒரு வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அதை ஒப்பந்தத்தில் டாலர் கணக்கில் எழுதியாக வேண்டும். இதற்கென்றே 1964 முதல் இயங்கிவரும் ஏ.எல்.ஜி. போன்ற மதிப்பீட்டு அமைப்புகள் உண்டு. உற்பத்தியாளரின் சொந்த நிதிக் கிளை அந்த மதிப்பீட்டைப் பார்க்கும். பிறகு தன் தேவைக்கேற்ப அதைவிட உயர்த்தியும் எழுதும். கிடங்கில் வண்டி தேங்கினால் விலைச்சீட்டைக் குறைப்பது பிராண்டுக்கு இழுக்கு. எஞ்சும் மதிப்பை இரண்டு புள்ளி தூக்கினாலோ மணி ஃபேக்டரை இறக்கினாலோ விலைச்சீட்டு அப்படியே இருக்கும், தவணை இறங்கும். ‘மாதம் இவ்வளவுதான்’ என்று வரும் விளம்பரங்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த மானியம்தான். டீலரின் தாராள மனசு என்று எண்ணிவிடக் கூடாது.

பந்தயம் தோற்றால் என்னவாகும் என்பதற்கு 2008 சாட்சி. அந்தக் கோடையில் பெட்ரோல் காலன் 4 டாலரைத் தாண்டியது. பெரிய எஸ்.யூ.வி.களும் பிக்அப்களும் பழைய வண்டிச் சந்தையில் விலைபோகாமல் நின்றன. லீஸ் முடிந்து திரும்பிவந்த வண்டிகள் ஏட்டில் எழுதிய மதிப்பைவிட வெகுவாகக் குறைந்த விலைக்குத்தான் ஏலம் போயின. அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் ஃபோர்டு தன் நிதிக் கிளையின் லீஸ் கணக்கில் மட்டும் 2.1 பில்லியன் டாலர் மதிப்பிழப்பை எழுதியது. கிரைஸ்லரின் நிதிக் கிளை ஆகஸ்ட் 1 முதல் லீஸ் வழங்குவதையே நிறுத்தியது. வண்டியை ஓட்டியவர்களோ சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தார்கள். நட்டம் அவர்களுடையது அல்ல.

2021இல் பந்தயம் மறுபக்கம் சாய்ந்தது. சிப் தட்டுப்பாட்டால் புதிய வண்டி கிடைக்கவில்லை. பழைய வண்டி விலை வானுக்குப் போனது. 2018, 2019இல் எழுதிய எஞ்சும் மதிப்புகள் சந்தை விலையைவிடப் பல ஆயிரம் டாலர் கீழே இருந்தன. ஒப்பந்த விலைக்கு வாங்கி விற்றால் வாடிக்கையாளருக்கு லாபம். பல நிதிக் கிளைகள் அப்போதுதான் விழித்துக்கொண்டு, வேறு டீலருக்கு நேரடியாக விற்பதற்குத் தடை போட்டன. மேலே போனால் தனக்கு, கீழே போனால் நிறுவனத்துக்கு என்ற இந்த உரிமை லீசின் உள்ளேயே இருக்கிறது. லீஸ் முட்டாள்களுக்கானது என்று ஒரே அடியாக ஒதுக்குகிறவர்கள் இதற்கு மதிப்பே தருவதில்லை. இகல் ஹெண்டலும் அலெஸாண்ட்ரோ லிஸ்ஸேரியும் 2002இல் எழுதிய கட்டுரை இந்த உரிமையை இன்னொரு கோணத்தில் பார்க்கிறது: பழைய வண்டி விற்பவர் குறையை மறைப்பார் என்ற பழைய சிக்கலை, முன்பே விலை எழுதிய லீஸ் ஓரளவு தணிக்கிறது என்பது அவர்கள் காட்டியது.

மின்சார எஸ்.யூ.வி.களின் கதை, விலை எவ்வளவு தொலைவில் தீர்மானமாகலாம் என்பதற்கு உச்ச எடுத்துக்காட்டு. 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டப்படி மின்சார வண்டி வாங்குபவருக்கு 7,500 டாலர் வரை வரிச்சலுகை இருந்தது. ஆனால் வண்டி வட அமெரிக்காவில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், எஸ்.யூ.வி. என்றால் விலை 80,000 டாலரைத் தாண்டக் கூடாது என்பதோடு வருமான வரம்பும் இருந்தது. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங்கில் தயாராகும் பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ் இந்தச் சல்லடையில் தேறவில்லை. அதே சட்டத்தில் வணிக வாகனங்களுக்கு இந்த நிபந்தனைகள் இல்லாத தனிப் பிரிவு இருந்தது. லீசுக்கு விடும் நிறுவனம் வணிகரே என்று 2022 டிசம்பர் இறுதியில் கருவூலத் துறை விளக்கம் தந்தது. அன்றிலிருந்து வாங்குகிறவருக்குக் கிடைக்காத 7,500, லீசில் வந்தது. சலுகை சட்டப்படி நிதி நிறுவனத்துக்குத்தான் கிடைத்தது. வாடிக்கையாளருக்கு இறக்கித்தர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. பல நிறுவனங்கள் இறக்கித்தந்தன, ஏனென்றால் ஊருக்கே தெரிந்துவிட்டது. 2025 செப்டம்பர் 30உடன் அந்தப் பிரிவு முடிவுக்கு வந்தது. 36 மாதத்தில் 7,500 டாலர் என்றால் மாதம் 200 டாலருக்கும் மேல். வாஷிங்டனில் ஒரு விளக்கக் குறிப்பு தந்ததை எந்தப் பேரப் புலியும் டீலர் மேசையில் வாங்கியிருக்க முடியாது.

5. படிவம் காட்டுவதும் காட்டாததும்

கடனுக்கு 1968ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டு வட்டி விகிதத்தைக் கண்ணில் படும்படி அச்சிடச் சொல்கிறது. லீசுக்கு 1976இல் தனிச் சட்டம் வந்தது. அதன் விதிமுறை 1990களின் பிற்பகுதியில் திருத்தப்பட்டது. இன்று லீஸ் படிவத்தில் மொத்த விலை, முன்பணக் கழிவு, எஞ்சும் மதிப்பு, தேய்மானம், வாடகைக் கட்டணம் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, கூட்டல் கழித்தல் கணக்குபோல வருகின்றன. வட்டி விகிதம் மட்டும் வர வேண்டியதில்லை. வந்தாலோ, அது லீசின் முழு நிதிச் செலவையும் அளக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வர வேண்டும். ‘ஆண்டு விழுக்காட்டு விகிதம்’ என்று அதை அழைக்கவும் விதி அனுமதிப்பதில்லை. எஞ்சும் மதிப்பு வெறும் மதிப்பீடு என்பதால் அதன்மேல் கட்டிய விகிதமும் ஐயத்துக்குரியது என்ற தர்க்கம் இதன் பின்னால் உண்டு. தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வாடிக்கையாளரிடம் இருந்திருக்கக்கூடிய ஒரே எண்ணை அது எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு விசித்திரம். 1976 சட்டத்தின் பாதுகாப்பு, மொத்த ஒப்பந்தக் கடப்பாடு 25,000 டாலருக்கு உட்பட்ட லீசுகளுக்கே இருந்தது. அந்த வரம்பு முப்பத்தைந்து ஆண்டுகள் அப்படியே கிடந்தது. நம் எடுத்துக்காட்டில் 36 தவணை சேர்ந்து 33,459 டாலர். 2011க்கு முன் இந்த ஒப்பந்தம் சட்டத்துக்கு வெளியே நின்றிருக்கும். நிறுவனங்கள் பழக்கத்தில் அதே படிவத்தைப் பயன்படுத்தியிருக்கலாம், கட்டாயம் இல்லை. நிதிச் சீர்திருத்தச் சட்டம் 2011 ஜூலையில் வரம்பை 50,000 ஆக்கி, ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏற வைத்தது, 2025இல் 71,900. வசதியானவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சட்டம் நினைத்ததா, பணவீக்கத்தை மறந்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

விகிதம் மறைந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் அந்தப் படிவத்திலேயே இருக்கின்றன. மொத்த வாடகைக் கட்டணத்தை மாதங்களால் வகுத்து, வரும் தொகையை விலையும் எஞ்சும் மதிப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் மணி ஃபேக்டர் வந்துவிடும். மொத்த விலைக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விரிவான பட்டியலையும் கேட்டுப் பெறலாம்; அதற்கொரு சிறு கட்டம் படிவத்திலேயே உண்டு. கேட்டால் மட்டுமே தருவார்கள். சிக்கல், இந்தத் தாள் கைக்கு வரும் நேரம். பல மணி நேரம் உட்கார்ந்து களைத்து, பிள்ளைகள் பசிக்கிறது என்று சிணுங்க, நிதி அறையில் கையெழுத்துக்காகப் பேனா நீட்டப்படும்போதுதான் அது வருகிறது.

6. மேசையில் மிஞ்சுவது

அப்படியென்றால் பேரம் வீணா? இல்லை; அதன் எல்லை குறுகியது, அவ்வளவுதான். எஞ்சும் மதிப்பை எந்த டீலரும் மாற்ற முடியாது. அதற்காக வாதாடுவது நேர விரயம். தேர்வு செய்வதில்தான் அது வசப்படும்: எந்த மாதிரி, எந்த மாதம், 36 மாதமா 39 மாதமா, ஆண்டுக்கு 10,000 மைலா 15,000 மைலா என்ற தேர்வுகளில். மைலைக் குறைத்து எழுதித் தவணையை இறக்குவது கைவந்த உத்தி. லக்சுரி பிராண்டுகளில் கூடுதல் மைலுக்கு 25 முதல் 30 சென்ட் வரை பிடிப்பார்கள்; 5,000 மைல் கூடினால் 1,250 டாலருக்குக் குறையாது.

வரியும் பேரத்துக்கு அப்பாற்பட்டது, ஆனால் ஊருக்கு ஊர் வேறுபடும். டெக்சஸில் வண்டியின் முழு விலைக்கும் 6.25 விழுக்காடு, நம் வண்டிக்கு 4,062 டாலர், மாதத்துக்கு ஏறத்தாழ 113. கலிஃபோர்னியாவில் தவணைக்கு மட்டுமே வரி. 9 விழுக்காடு என்று வைத்தாலும் மாதம் 84. லாஸ் ஏஞ்சலஸ் நண்பரின் தவணையைக் காட்டி டாலஸில் பேரம் பேசுகிறவர் தோற்பதற்குப் பேச்சுத் திறமை காரணமாக இருக்காது.

டீலரின் அதிகாரத்தில் உள்ளவை மூன்று: விற்பனை விலை, மணி ஃபேக்டரில் அவர் ஏற்றும் பங்கு, உள்ளே சொருகும் கூடுதல் பொருள்கள். இரண்டாவது அவருக்கு நிதி நிறுவனம் அனுமதித்த கூலி. கார் கடனில் இதே வகை வட்டியேற்றம் சிறுபான்மையினர்மீது கூடுதலாக விழுகிறது என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை 2013இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. லீசில் அந்தப் பங்கு கண்ணுக்கே தெரியாது. அந்த மாதத்தின் அடிப்படை மணி ஃபேக்டர் என்ன என்று கார் விலைத் தளங்களில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போகிறவர் மட்டுமே அதைக் கேட்க முடியும்.

எனவே பேசுவதற்கு உகந்த இடம் மேசை அல்ல. நான்கைந்து டீலர்களுக்கு ஒரே வாசகத்தில் எழுதி, வண்டியின் விற்பனை விலை, மணி ஃபேக்டர், எஞ்சும் மதிப்பு, கட்டணங்கள் ஆகியவற்றை எழுத்தில் கேட்பது மேல். தவணையைக் கேட்கவே வேண்டாம், நாமே போட்டுக்கொள்ளலாம். முன்பணம் கட்டச் சொன்னால் தயங்க வேண்டும். இரண்டாம் மாதமே வண்டி நொறுங்கினால் காப்பீட்டுக்கும் பாக்கிக்கும் இடையிலான பள்ளத்தைப் பெரும்பாலான லீசுகள் தாங்களே நிரப்பும். ஆனால் கட்டிய 3,000 டாலர் திரும்பாது.

கடைசியாக நிதி அறை. டயர் பாதுகாப்பு, பெயின்ட் பூச்சு, கூடுதல் உத்தரவாதம் என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். ‘மாதம் முப்பது டாலர்தான்’ என்றால் கணக்கில் 1,000 டாலர் ஏறுகிறது என்று பொருள். மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டிய நேரமும் அதுவே. வாடகைக் கட்டணம் 8,059 என்றிருந்தால் பேசிய 0.0021. 9,594 என்றிருந்தால் யாரோ 0.0025 ஆக்கியிருக்கிறார்கள். கையெழுத்திட்டாலும் மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள்; மூன்று நாள் அவகாசம் தரும் கூட்டாட்சி விதி, டீலர் கடையில் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது.